கிதாரை இறக்கிவைத்த நான்காம் பாடல்

நான்கு பாடல்கள் கொண்ட ஒரு சிறு தொகுப்பை வீட்டிலேயே பதிவு செய்யத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. மூன்று பாடல்கள் முடிந்துவிட்டன. அவற்றை அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் சங்கடம் புரிந்தது. மூன்றிலும் அதே கிதார், அதே விரல் மீட்டல், அதே ஒற்றைக் குரல். சொற்களை நீக்கிவிட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய எனக்கே முடியவில்லை. நான்காம் பாடலாவது வேறு நிறத்தில் அமையட்டும் என்று முதலில் கஹோன் என்ற பெட்டி மேளத்தின் தாளத்தைச் சேர்த்தேன். பிறகு கீபோர்டில் ஆர்மோனிய ஒலியைச் சேர்த்தேன். இரண்டும் பழைய சட்டையில் தைத்த ஒட்டுத்துணியைப் போலத் துருத்திக்கொண்டு நின்றன.

அந்த நிலையில்தான், போன் இவேர் என்ற பெயரில் இசைக்கும் ஜஸ்டின் வெர்னனின் 'பிளட் பேங்க்' ஈ.பி.யை (ஆல்பத்தைவிடச் சிறிய பாடல் தொகுப்பு) மீண்டும் எடுத்துக் கேட்டேன். 2006–07 குளிர்காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தம் தந்தையின் வேட்டைக் குடிலில் தனியே தங்கி அவர் பதிவு செய்த முதல் ஆல்பம் பெரும்பாலும் கிதாரையும் உச்சக்குரலையும் நம்பியது. அது 2008இல் பரவலாக வெளியாகிப் பெயர் பெற்றபின், 2009 ஜனவரியில் வந்தது இந்த ஈ.பி.; நான்கே பாடல்கள், ஏறத்தாழ 17 நிமிடங்கள். முதல் பாடல் முந்தைய ஆல்பத்திலேயே இருந்திருக்கத் தக்கது. மூன்றாவதான 'பேபிஸ்' இடைவிடாமல் தட்டப்படும் பியானோவின் மேல் நிற்கிறது. நான்காவதான 'வுட்ஸ்' கிதாரையும் தாளத்தையும் அறவே விட்டுவிட்டு, ஆட்டோட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருளில் புகுந்து வெளிவந்த குரலை மட்டுமே அடுக்கடுக்காகக் கட்டி எழுப்புகிறது. சில வரிகளே திரும்பத் திரும்ப வர, சுற்றுக்குச் சுற்று குரல்கள் பெருகுகின்றன. 2010இல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் தம் ஆல்பத்தின் ஒரு பாடலுக்கு இதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டார். 2016ஆம் ஆண்டு ஆல்பத்தில் வெர்னன் தம் குரலைச் சிதைத்து விளையாடியதற்கான விதை இங்கேயே விழுந்திருக்கிறது என்பது என் கணிப்பு. எப்படியாயினும், எதையும் சேர்க்காமல், இருப்பதை நீக்கியே ஒலியை விரிக்கலாம் என்பதை அன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன். கிதாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

பாடலுக்கு ஒரே வரிதான்: 'மழை நின்ற பின்னும் கூரை பேசுகிறது.' மெட்டை ஒரு கட்டை சுருதியில், மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் அமைத்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. மோகனத்தில் அரைச்சுர இடைவெளியே (இரு ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள மிகச் சிறிய இடைவெளி) கிடையாது என்பதால், எந்த அடுக்கு எந்த ஸ்வரத்தில் நின்றாலும் ஒன்றோடொன்று கடிக்காது. மேற்கத்திய இசைக்கோவை இலக்கணம் அரைகுறையாகவே தெரிந்த எனக்கு அது பெரிய பாதுகாப்பு. கருவிகள் எளியவை: ஒரு எஸ்எம்57 மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு வாய்கள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், அதனுடனேயே வரும் ரீட்யூன் என்ற சுருதி திருத்தி.

சுருதி திருத்தும் இம்மாதிரிக் கருவிகள் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோட்யூனை 1997இல் வெளியிட்ட ஆண்டி ஹில்டெப்ராண்ட், அதற்குமுன் எண்ணெய்த் துறைக்காக நிலத்தடி அதிர்வலைகளை ஆராய்ந்தவர். குரலின் அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தன்னையே திருப்பிக் காட்டுகிறது என்று கணித்து, அதிலிருந்து சுருதியை அறிந்து, நாம் அனுமதித்த ஸ்வரங்களுள் அருகில் இருப்பதற்கு அதை நகர்த்துவதே அதன் வேலை. எவ்வளவு வேகமாக நகர்த்துவது என்பதை மில்லிவினாடிகளில் நாம் வைக்கலாம். மெதுவாக வைத்தால் திருத்தம் நடந்ததே தெரியாது; பூஜ்யத்தில் வைத்தால் குரல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவும்.

முதல் இரண்டு வாரங்கள் வீணாயின. எட்டு அடுக்குகளைப் பாடி, அவற்றையெல்லாம் ஒரே குழுத் தடத்தில் சேர்த்து, அதன் தலையில் ரீட்யூனைப் போட்டேன். வெளிவந்தது தண்ணீருக்குள்ளிருந்து யாரோ திட்டுவதைப் போன்ற ஒலி. கருவி ஒரு நேரத்தில் ஒரே குரலின் சுருதியைத்தான் கணிக்க வல்லது. எட்டுக் குரல்கள் ஒன்றாய் வந்தால் எதைப் பற்றுவது என்று அறியாமல் திணறுகிறது. எனவே ஒவ்வொரு தடத்திலும் தனித்தனியே போட்டு, எதிரொலியை எல்லாவற்றுக்கும் பின்னால் குழுத் தடத்துக்கு மாற்றினேன்.

அடுத்து, எல்லாத் தடங்களிலும் வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்தேன். இங்கேதான் எதிர்பாராதது நடந்தது: அடுக்குகள் கூடக்கூட ஒலி அகலவில்லை, ஒல்லியானது. பலர் சேர்ந்து பாடும்போது நாம் உணரும் செழுமை, ஒவ்வொருவரின் சுருதியும் மயிரிழை விலகி நிற்பதால் வருவது. அந்த விலகலை அறவே துடைத்துவிட்டால் எட்டுக் குரலும் ஒரே குரலாக ஒட்டிக்கொள்கின்றன. இப்போது பாதித் தடங்களைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, மீதியைத் திருத்தாமலே விட்டிருக்கிறேன். என் வழுவல்கள் தெரியத்தான் செய்கின்றன. ஆனால் அவையே அகலத்தைத் தருகின்றன.

சிறுவயதில் நான்கு ஆண்டுகள் பாட்டு கற்றவன் என்பதால், ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லாமல் எனக்குப் பாட வராது. காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே மோகனத்தில் வேறு ஸ்வரம் இல்லை. ஆகவே நான் இழுத்துச் செல்லும் வழியில் பாதித் தூரம்வரை காந்தாரத்திலேயே கட்டிப்போட்டதுபோல் நிற்கும் குரல், பிறகு ஒரே தாவலில் பஞ்சமத்தில் போய் விழுகிறது. வழுக்குப்பாறையில் யாரோ இரவோடு இரவாகப் படி வெட்டிவிட்டார்கள். எனக்குக் கற்பித்த ஆசிரியை கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். எனக்கோ, ஓட்டுக் கூரையிலிருந்து நீர் ஒரு விளிம்பில் தேங்கிச் சட்டென்று அடுத்த ஓட்டில் சொட்டுவதை அது அப்படியே ஒத்திருந்தது. மூன்றாம் நாள் முதல், அந்தத் தாவல் வேண்டும் என்பதற்காகவே கூடுதலாக இழுத்துப் பாட ஆரம்பித்தேன்.

சுருதியைவிட மெய்யெழுத்துகளே அதிகம் படுத்தின. 'பேசுகிறது' என்ற சொல்லின் முதல் எழுத்தைப் இதற்குள் பதினான்காகிவிட்ட தடங்கள் பதினான்கு கணங்களில் உச்சரித்தால், பொரி பொரிவதுபோல் கேட்கிறது. அதையடுத்து வரும் 'சு'வோ பாம்புச் சீறலாகிறது. வெட்டியும் நகர்த்தியும் ஒழுங்குபடுத்த முயன்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். பிறகு வேறு வழி பிடித்தேன்: இரண்டு தடங்களில் மட்டும் சொற்களைத் தெளிவாகப் பாடிவிட்டு, மற்ற பன்னிரண்டில் 'ஏ', 'உ' என்ற உயிரொலிகளை மட்டும் நிறுத்தி, மெய்களை விழுங்கிவிட்டேன். கேட்பவர் காது அந்த இரண்டிலிருந்தே சொல்லை எடுத்துக்கொள்கிறது.

இரைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, கதவில் போர்வை தொங்கவிட்டுப் பாடினாலும் அறையின் மெல்லிய இரைச்சல் ஒவ்வொரு தடத்திலும் பதிந்துவிடும். தடங்கள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஏறத்தாழ 3 டெசிபல் உயர்கிறது; பதினாறு தடங்கள் என்றால் 12 டெசிபல். பாடும்போது குரல் அதை மறைத்துவிடுகிறது, மூச்சு விடும் இடைவெளியிலோ கடற்கரை கேட்கிறது. பாடாத இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தேன்.

தூரத்தையும் மாற்றிப் பார்த்தேன். சொற்கள் உள்ள இரு தடங்களுக்கு மைக்கிலிருந்து ஒரு சாண். உயிரொலித் தடங்களில் பாதிக்கு இரண்டு முழம். மீதிக்கு அறையின் மறுகோடியில் சுவரைப் பார்த்து நின்று பாடினேன். எதிரொலிக் கருவியைக் கூட்டுவதைவிட இது நன்றாகவே ஆழம் தந்தது.

தற்போது பாடல் 3 நிமிடம் 10 வினாடி. ஒற்றைக் குரலில் தொடங்கி ஏழாம் சுற்றில் பதினான்கு குரல்களாகிறது. மற்ற மூன்று பாடல்களுக்கு நடுவே வைத்துக் கேட்டால் அடுத்து வரும் கிதார் வெளிறிப்போகிறது. ஆகையால் இதைக் கடைசியில் வைப்பதாக முடிவு செய்திருக்கிறேன். குறை ஒன்று பாக்கி. மந்திர ஸ்தாயிப் (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்தில் நிற்க வேண்டிய அடிக்குரல்கள் இரண்டும் மாலையில் பாடியவை என்பதால் கனமில்லாமல் இருக்கின்றன. தூங்கி எழுந்தவுடன் என் குரல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. வரும் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு, காபி குடிப்பதற்கு முன்பே, அவ்விரண்டையும் மறுபடி பாடப்போகிறேன்.