மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்கும் வேலை

இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்தில் படித்தபோது, ஸ்டோக் சிட்டி கால்பந்து அணியின் மைதானத்தில் ஆட்ட நாட்களில் ஸ்டூவர்டாக வேலை பார்த்தேன். பளிச்சென்ற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, ரசிகர்களைப் பார்த்தபடி நிற்க வேண்டும். படிக்கட்டில் கூட்டம் அடைக்கிறதா, யாருக்காவது மயக்கம் வருகிறதா, எங்காவது கைகலப்பு கிளம்புகிறதா என்பதில்தான் கண் இருக்க வேண்டும். "ஆட்டத்தைப் பார்க்காதே, ஆட்களைப் பார்" என்று மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். கோல் விழுந்தால் அது எனக்கு எதிரே இருக்கும் முகங்களில்தான் தெரியும். வேலையைச் சரியாகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்கு யாரும் கை தட்டவும் மாட்டார்கள்.

அந்த மைதானத்துக்கு வெளியே கார்டன் பேங்க்ஸின் வெண்கலச் சிலை இருக்கிறது. 1966இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் கோல்கீப்பர். 2008 ஜூலையில் அந்தச் சிலையைத் திறந்து வைத்தவர்கள் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவும் பெலேவும். பெலே வந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். தன்னுடைய கோலைத் தடுத்தவருக்குச் சிலை திறக்க அவர் கடல் கடந்து வந்திருக்கிறார்.

1970 ஜூன் 7, மெக்சிகோவின் குவாதலஹாரா. உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் பெலேயின் பிரேசிலும் மோதிய ஆட்டம். பிரேசிலின் ஜைர்சின்யோ வலப்பக்கமாக ஓடிவந்து பந்தைத் தூக்கிப் போட, பெலே எகிறி, பந்தைத் தலையால் தரையை நோக்கி அடித்தார். கோல் என்றே அவர் நினைத்துவிட்டார். பேங்க்ஸ் அப்போது நின்றது எதிர்க் கம்பத்தின் பக்கம். அங்கிருந்து குறுக்கே பாய்ந்து, பந்து தரையில் பட்டு எழும்புகிற நொடியில் கையைக் கொடுத்துக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தள்ளிவிட்டார். "வயசாயிடுச்சு, முன்னாடியெல்லாம் பிடிச்சிடுவியே" என்கிற மாதிரி கேப்டன் பாபி மூர் கேலி செய்தாராம். கூட வேலை செய்கிறவர்களின் பாராட்டு அப்படித்தான் வரும். அப்புறம் உடனே கார்னர் கிக், அதாவது மூலையிலிருந்து எதிரணி மறுபடி பந்தை அடிக்கும், அதற்கும் தயாராக வேண்டும். அன்று இங்கிலாந்து 1-0 என்று தோற்றது. கோல் அடித்தது அதே ஜைர்சின்யோ. தோற்ற ஆட்டத்தில் ஒருவர் செய்த வேலையை உலகம் இத்தனை வருடம் பேசுவது எனக்கு ஆறுதலாகவே இருக்கும்.

ஆனால் ஊர்க்காரர்களுக்கு வேறு நினைவு. என் பகுதியில் வழக்கமாக உட்காரும் பெரியவர் ஒருவர் மெக்சிகோவைப் பற்றிப் பேசியதே இல்லை. அவருக்கு, இங்கிலாந்து கிளப் அணிகள் மோதும் லீக் கப்பின் அரையிறுதிதான். வெஸ்ட் ஹாமுடன் ஆட்டம் முடியும் நேரத்தில் அந்த அணியின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பெனால்டியை, ஸ்டோக்கின் கோல்கீப்பராக நின்ற பேங்க்ஸ் தடுத்தார். 1966 இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட அதே ஹர்ஸ்ட், இங்கிலாந்து அணியில் பேங்க்ஸின் கூட்டாளி. அந்தத் தடுப்பால் பிழைத்த ஸ்டோக், 1972 மார்ச்சில் வெம்பிளியில் செல்சியை 2-1 என்று வென்றது. இன்றுவரை அவர்களுடைய ஒரே பெரிய கோப்பை அதுதான். சொல்லும்போது பெரியவரின் வலது கை தானாக மேலே போகும், விரல்கள் விரியும். ஒவ்வொரு முறையும் அதே உயரத்துக்கு.

அதே வருடம் அக்டோபரில் நடந்த கார் விபத்தில் பேங்க்ஸுக்கு வலது கண் பார்வை போய்விட்டது. பந்து வரும் தூரத்தைக் கண்ணால் அளக்கிற தொழிலில் அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1977இல் அவர் அமெரிக்காவுக்குப் போய் ஃபோர்ட் லாடர்டேல் அணிக்கு ஒற்றைக் கண்ணோடு ஆடி, அந்த லீக்கின் சிறந்த கோல்கீப்பர் விருதையும் வாங்கினார்.

நான் இப்போது மருத்துவமனை ஒன்றில் நோய்த்தொற்றுத் தடுப்புப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கூட்டத்தில் எங்கள் அறிக்கை பெரும்பாலும் ஒரே வரிதான்: புதிய தொற்று இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள், இதில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று சலித்துக்கொள்ளும்போது, குவாதலஹாராவின் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறேன். பந்து மேலே போனதும் நிறுத்தச் சொல்வார்கள். கார்னர் கிக் வரைக்கும் பாருங்கள் என்பேன்.