காட்டுப்பள்ளியில் ஓராண்டு: ஆளிருக்கும் கப்பலில் வேலை

சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் எங்களுக்குக் கைவந்த வேலை புதுக் கப்பல் கட்டுவது. கடலோரக் காவல்படைக்காக எல் அண்ட் டி கட்டிய ஏழு ரோந்துக் கப்பல்களில் கடைசியான ‘விக்ரஹா’ 2021-இல் பணியில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி ‘சார்லஸ் ட்ரூ’ வந்து நின்றது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் சூப்பர்வைசராக இருந்த எனக்கு, அதற்கடுத்த ஓராண்டு தொழிலையே வேறு கண்ணோடு பார்க்கக் கற்றுக்கொடுத்தது.

அது சண்டை போடும் கப்பல் இல்லை. சண்டை போடும் கப்பல்களுக்கு உணவும் எண்ணெயும் உதிரி பாகங்களும் கொண்டுபோகும் 210 மீட்டர் நீளக் கப்பல். அமெரிக்கக் கடற்படையின் கடல் போக்குவரத்துப் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவு 1949-இல் தொடங்கியது. கப்பலை ஓட்டுபவர்கள் சிப்பாய்கள் அல்ல, வணிகக் கப்பல்களில் இருப்பது போன்ற சிவில் பணியாளர்கள். நடுக்கடலில் இன்னொரு கப்பலுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஐம்பது மீட்டர் தள்ளி, ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே கம்பிவடத்தில் தொங்கும் குழாய் வழியாக எண்ணெய் கொடுப்பார்கள். (சார்லஸ் ட்ரூ, ரத்த வங்கிகளுக்கு முன்னோடியான கறுப்பின மருத்துவர். விநியோகக் கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.)

இப்படிப்பட்ட கப்பல் நம் ஜெட்டியில் ஒரு நாள் கூடுதலாக நின்றால், எங்கோ ஒரு கப்பலுக்கு வரவேண்டியது வராது. அதனால்தான் பழுதுபார்ப்புக்குக் குறித்த பதினொரு நாள் என்பது அவ்வளவு கறாராக இருந்தது. அமெரிக்கச் சட்டமும் தன் நாட்டைத் தளமாகக் கொண்ட கடற்படைக் கப்பல்களின் பெரிய பராமரிப்பைப் பொதுவாக வெளிநாட்டில் செய்ய விடுவதில்லை. பயணத்தின் நடுவில் வரும் பழுதுகளுக்கு அனுமதி உண்டு. ஆக, வருவது எல்லாமே அவசர வேலைதான்.

சரி, வேகமாக வெல்டிங் செய்தால் தேதியைப் பிடித்துவிடலாம் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். புதுக் கப்பலில் அது ஓரளவு நடக்கும். அங்கே குழாயில் எண்ணெய் இருக்காது, கேபிளில் மின்சாரம் இருக்காது, கேபினில் ஆள் தூங்க மாட்டார். பழுதுபார்க்க வரும் கப்பலோ குடியிருக்கும் வீடு மாதிரி. ஜெனரேட்டர் ஓடும், சமையலறை நடக்கும், பணியாளர்கள் உள்ளேயே இருப்பார்கள். ஒரு குழாயை வெட்டுவதற்கு முன் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடிப் பார்த்து, வால்வை மூடிப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்ட வேண்டும். தொட்டிக்குள் இறங்க கேஸ் சோதனை. நெருப்பு வேலைக்குத் தனி பெர்மிட். வெல்டர் நிற்கும் சுவரின் இந்தப் பக்கம் தீ பற்றுகிறதா என்று கவனிக்கும் ‘ஃபயர் வாட்ச்’ ஒருவர் என்றால், அந்தப் பக்கத்து அறையிலும் ஒருவர்; சூடு இரும்பின் வழியே போய் அங்கேயும் பற்றவைக்கும்.

“சார், பெர்மிட் வந்துச்சா?” காலையில் ஃபிட்டர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வெல்டிங் அரை மணி நேர வேலை; அதற்கான ஏற்பாடு அரை நாளைத் தின்றுவிடும். தேதியைக் காப்பாற்றுவது வெல்டரின் வேகம் இல்லை, முந்தின நாள் மாலையே கப்பல் இன்ஜினியரோடு உட்கார்ந்து மறுநாள் பெர்மிட்டுகளை முடித்து வைப்பது என்பது என் உறுதியான கருத்து. பெயின்ட் வேலைக்கு வானிலையும் அனுமதி தர வேண்டும். எண்ணூர்ப் பக்கத்து ஈரக் காற்றில், இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டால் தூரிகையைத் தொடக்கூடாது.

2023 மார்ச்சில் ‘மேத்யூ பெர்ரி’ வந்தது, ஜூலையில் மீட்புக் கப்பலான ‘சால்வர்’. அதே ஆண்டு அமெரிக்கக் கடற்படையுடன் பழுதுபார்ப்புக்கான முதன்மை ஒப்பந்தமும் கையெழுத்தானது. அப்புறம் மும்பை, கொச்சி கப்பல் தளங்களும் இதே மாதிரி ஒப்பந்தம் போட்டன.

இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் பெர்மிட் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. தொட்டிக்குள் இறங்குபவர் மீஞ்சூர்க்காரராகவோ ஒடிசாக்காரராகவோ இருக்கிறார். காலைப் பேச்சில் தமிழிலும் இந்தியிலும் சொல்கிறோம். அது போதாது. எந்த வால்வு பூட்டியிருக்கிறது, கேஸ் அளவு என்ன, எதைக் கண்டால் உடனே வெளியே வர வேண்டும் என்பதை அவர் தன் மொழியில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த கப்பலுக்கு முன் கிரேன் வாங்குவதைவிட முதலில் செய்யவேண்டியது இது என்று நான் கூட்டங்களில் சொல்லி வருகிறேன்.