மூக்கைப் பொத்திக்கிட்டு அரை மணி நேரம்

எனக்கு சொந்த ஊர் ஆம்பூர், அதனால லெதர் வாசனைன்னு யாராவது பெர்ஃப்யூம் நீட்டுனா முதல்ல சிரிப்புதான் வரும். டேனரிய தாண்டி சைக்கிள்ல ஸ்கூலுக்கு போனவனுக்கு தெரியும், பச்சைத்தோலும் சுண்ணாம்புத் தொட்டியும் சேர்ந்து என்ன நாத்தம் நாறும்னு. அதை யாரு பாட்டில்ல அடைச்சு விப்பா?

அப்புறம்தான் தெரிஞ்சுது, சென்ட்ல தோல்னு சொல்றது தோலே கிடையாது. பிர்ச் மரப்பட்டைய சுட்டு எடுக்குற தார், ஐசோபியூட்டைல் குயினோலின்னு ஒரு கெமிக்கல், இந்த மாதிரி சிலதை சேர்த்து புது ஷூ பொட்டிய திறந்த நெனப்ப உண்டாக்குறாங்க. ரஷ்யாவுல அந்த பிர்ச் எண்ணெயதான் தோலுக்கே தடவுனாங்க, எங்க பக்கம் ஆவாரம்பட்டை போட்டு பதப்படுத்துன மாதிரி.

சரி விஷயத்துக்கு வரேன். டியோர் கம்பெனியோட லெதர் ஊத்னு ஒரு சென்ட் (ஊத்னா அகில் கட்டை), 2010ல வந்தது, பண்ணவர் ஃபிரான்சுவா டெமாஷி. இப்ப நிறுத்திட்டாங்க. இங்க துபாய்ல ஒரு ஃப்ரெண்ட் அவன் பாட்டில்ல இருந்து 5 மில்லி ஊத்தி குடுத்தான், ஒரு ஸ்ப்ரேக்கு மேல போடாதன்னு சொன்னான், நான் கேக்கல, மூணு அடிச்சேன். ரூம்ல இருக்குற திருநெல்வேலி தம்பி அப்படியே எழுந்து ஜன்னல திறந்துட்டு "என்னண்ணே இது, மாட்டுத் தொழுவுக்குள்ள நிக்க மாதிரி இருக்கு"ன்னான். தப்பு சொல்ல முடியாது. ஏலக்காயும் கிராம்பும் முன்னாடி வருது, ஆனா அதுக்கு பின்னாடி சாணி, ஈர வைக்கோல், மிருக வாடை. வளைகுடாவுல ஹிந்தின்னு, அதாவது இந்திய சரக்குன்னு, சொல்லி விக்குற அசாம் ஊத் எண்ணெய முகர்ந்து பாத்தவங்களுக்கு இது புரியும், அதுவும் முதல்ல இப்படித்தான் முகத்துல அறையும்.

அரை மணி நேரம் கழிச்சு தொழு காலியாகி அந்த இடத்துல தோல் வந்து உக்காருது. பாலிஷ் போட்ட ஷூ இல்ல, ரொம்ப வருஷம் வேர்வை குடிச்ச பழைய பெல்ட். அதுல லேசா புகை. ரெண்டு மூணு மணி நேரத்துல தேன்மெழுகு மாதிரி ஒரு இனிப்பு எட்டிப் பாக்குது, மரம் கூடுது, தம்பி தானாவே பக்கத்துல வந்து "இப்ப நல்லாருக்குண்ணே"ன்னு சொல்லிட்டு ஜன்னல சாத்துனான். எனக்கு என்ன தோணுதுன்னா அந்த முதல் அரை மணி நாத்தம் இல்லாம இருந்திருந்தா பின்னாடி வர்றது வெறும் இன்னொரு மர வாசனை சென்ட்தான், அதுக்கு இவ்ளோ காசு தண்டம்.

ஊத் ஊத்னு அரபியில சொல்றோமே, நம்ம அகில்தான் அது. நல்லா இருக்குற மரத்துல வாசனை கிடையாது, கட்டை வெளுப்பா இருக்கும், பூஞ்சை தொத்துனா மரம் தன்னை காப்பாத்திக்க பிசின் சுரக்கும், அந்த கறுத்த கட்டைதான் தங்க விலை. கிழக்கு காத்துல கப்பல்ல அகில் வந்து இறங்குனத சிலப்பதிகாரமே சொல்லுது, ஆனா ஐரோப்பாவுல 2002ல எம்7னு ஈவ் சாங் லோரானோட ஊத் சென்ட் வந்தப்ப கூட பெருசா போணி ஆகல. இன்னிக்கு ஷாம்புல கூட ஊத் போடுறான்!

வெயில் காலத்துல இதை தொடாதீங்க, நான் ஜூலைல ஒரு தடவ ஆபீஸ்க்கு போட்டுட்டு போய் லிஃப்ட்ல நாலு பேர் இறங்கிட்டாங்க, அவங்க ஃப்ளோர் வரல. டிசம்பர், ஜனவரி ராத்திரிக்கு, சட்டைல ஒண்ணே ஒண்ணு. மறுநாள் சட்டைய துவைக்க எடுக்கும்போது காலர்ல சந்தனமும் புகையும் மட்டும்தான் மிச்சம் இருக்கும், அந்த சட்டைய நான் ரெண்டு நாள் துவைக்காம வெச்சிருப்பேன். இன்னும் ஒரு 2 மில்லி இருக்கு.