நம் ஃபைலை யார் யார் திறக்கிறார்கள்?

மெல்பர்னுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லித் தருவது ஒரே பட்டியல்தான்: டேக்ஸ் ஃபைல் நம்பர், வங்கிக் கணக்கு, மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு, டிரைவிங் லைசென்ஸ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். மெடிகேரில் பதியும்போது கூடவே திறந்துகொள்கிற இன்னொன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மை ஹெல்த் ரெக்கார்ட். வேண்டாம் என்று அப்போதே சொல்லாவிட்டால், நம் பெயரில் ஒரு மின்னணு மருத்துவப் பதிவேடு தானாக உருவாகிவிடும். பல வருடம் இங்கே இருந்தவர்களுக்குக்கூட தங்கள் பெயரில் அப்படி ஒன்று இருப்பது தெரியாது.

ஊரில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, எக்ஸ்ரே, பழைய மருந்துச் சீட்டு எல்லாம் நம் பீரோவில்தான் இருக்கும். எந்த டாக்டரிடம் எதைக் காட்டுவது, எதை எடுத்துப் போகாமல் விடுவது என்பதை நாமே முடிவு செய்தோம். அந்த அதிகாரத்தை எந்தச் சட்டமும் நமக்குத் தரவில்லை. காகிதம் நம்மிடம் இருந்தது, அவ்வளவுதான். இங்கே காகிதம் கைக்கு வருவதே அரிது. அதே அதிகாரம் சட்டப்படி இருக்கிறது, ஆனால் மைகவ் என்ற அரசு இணையக் கணக்குக்குள் நாலைந்து செட்டிங்குகளாக ஒளிந்திருக்கிறது. நாமாகப் போய் மாற்றாதவரை, நமக்குச் சிகிச்சை தருகிற எந்த மருத்துவ நிலையமும் பதிவேட்டில் இருப்பதை எல்லாம் பார்க்கலாம்.

முதலில் எல்லோரும் கேட்பது, விசாவுக்கு ஸ்பான்சர் செய்த கம்பெனி இதைப் பார்க்குமா என்பது. பார்க்கக் கூடாது. அதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 2012-ல் இந்தத் திட்டம் தொடங்கியபோது விரும்பியவர்கள் மட்டும் சேரலாம் என்று இருந்தது; கூட்டம் சேரவில்லை. 2018-ல் அரசு அதைத் தலைகீழாக்கி, விலகாத எல்லோருக்கும் பதிவேடு என்று நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. விலகுவதற்கான கெடு தள்ளித் தள்ளி 2019 ஜனவரி 31 வரை போனது. அந்த அழுத்தத்தில்தான் சட்டமும் திருத்தப்பட்டது. வேலை தருபவரோ காப்பீட்டு நிறுவனமோ இதைப் பயன்படுத்த முடியாது. போலீஸோ வேறு அரசுத் துறையோ கேட்டால் நம் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். பதிவேட்டை ரத்து செய்தால் முழுதாக அழித்துவிட வேண்டும். அதற்கு முன்பு, ரத்து செய்தாலும் நாம் இறந்து 30 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம் என்றுதான் விதி இருந்தது!

நான் முதலில் திறந்து பார்த்தது, யார் யார் உள்ளே வந்தார்கள் என்று காட்டும் பக்கத்தை. எந்தத் தேதியில் எந்த கிளினிக், எந்த மருத்துவமனை என்று அதில் தெரியும். அங்கே எந்த ஆள் பார்த்தார் என்பது தெரியாது, இது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது. புதிய நிலையம் ஏதாவது நுழைந்தால் எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லி வைக்கலாம். ஒரு ரகசியக் குறியீடு வைத்துவிட்டால், அதைச் சொன்னால்தான் ஒரு கிளினிக் உள்ளே வர முடியும். குறிப்பிட்ட ஆவணத்துக்கு மட்டும் தனிப் பூட்டும் போடலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மருத்துவமனை இந்தப் பூட்டுகளைத் தாண்டி அதிகபட்சம் 5 நாள் பார்க்கலாம், அதுவும் பதிவாகும். நாம் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிட்ட ஆவணம் மட்டும் அப்போதும் தெரியாது.

நம்மவர்களுக்கு இது வெறும் கம்ப்யூட்டர் விஷயமில்லை. குடும்ப டாக்டர் தமிழர், மருந்துக்கடைக்காரர் தமிழர், இரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது விசேஷத்தில் பார்க்க வேண்டியிருக்கும். அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள் என்று நம்பினாலும், மனநல ஆலோசனைக்குப் போன ஒருவருக்கு உள்ளுக்குள் கூச்சம் இருக்கத்தான் செய்யும். அவர் அந்தக் கடிதத்தைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார். ஆனால் மெடிகேர் பணம் செலுத்திய விவரமும், அரசு மானியத்தில் வாங்கிய மாத்திரையின் பெயரும் அதே பதிவேட்டில் வேறு இடத்தில் அப்படியே இருக்கும். விஷயம் தெரிந்தவருக்கு அது போதும். மறைக்கிறவர்கள் அந்த இரண்டையும் சேர்த்துத்தான் மறைக்க வேண்டும்.

வீட்டில் பெரிய விவாதம் மகளால் வந்தது. இங்கே 14 வயது நிறைந்ததும் பிள்ளையின் பதிவேட்டிலிருந்து பெற்றோர் தானாக நீக்கப்படுகிறார்கள். பிள்ளை விரும்பினால் நம்மைத் திரும்பச் சேர்க்கலாம். என் கணவருக்கு இது ஏறவே இல்லை. "நாம பெத்த பிள்ளைக்கு என்ன ஊசி போட்டாங்கன்னு நாமளே பார்க்கக் கூடாதா?" என்றார். எனக்கும் முதலில் கோபம்தான். ஆனால் அந்த வயதில் டாக்டரிடம் தனியாகப் பேச எனக்கும் சில கேள்விகள் இருந்தன, கேட்காமலே வளர்ந்தேன். மகள் எங்களைச் சேர்த்தாளா என்பதை இங்கே எழுத மாட்டேன், அது அவள் விஷயம்.

மாமியாரின் கதை வேறு. எப்போதோ ஒரு மாத்திரை போட்டு வாந்தி எடுத்ததை ஒரு கிளினிக்கில் சொல்லியிருக்கிறார். அது பெனிசிலின் ஒவ்வாமை என்று பதிவாகி, அவர் போன இடமெல்லாம் கூடவே போனது. டாக்டர் ஏற்றிய ஆவணத்தை நோயாளி திருத்த முடியாது. ஏற்றிய இடத்தில் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடந்த சந்திப்பு அது. டிஐஎஸ் என்ற அரசு மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 என்ற எண்ணில் தமிழும் கிடைக்கும். அடுத்த முறை அதன் உதவியோடு விஷயத்தை விளக்கிய பிறகுதான் திருத்தினார்கள். அப்புறம் அத்தை என்னைத் தன் பிரதிநிதியாகச் சேர்த்துக்கொண்டார். பல வீடுகளில் பெரியவர்களின் கடவுச்சொல்லை மகன் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். இப்படிப் பிரதிநிதியாகச் சேர்த்தால் எனக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அத்தையே தீர்மானிக்கலாம், வேண்டாமென்றால் என்னை நீக்கவும் செய்யலாம்.

இந்தப் பதிவேட்டிலேயே எல்லாம் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். குடும்ப டாக்டர் நம்மைப் பற்றித் தட்டச்சு செய்கிற குறிப்புகள் அவருடைய கிளினிக் கணினியில் தனியாக இருக்கும். 1988-ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி அவற்றின் நகலைக் கேட்கலாம். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. நகல் எடுத்துத் தர நியாயமான தொகை வாங்கலாம். வீடு மாறி வேறு டாக்டரிடம் போகும்போது நாங்கள் கேட்டதற்குப் பழைய கிளினிக் ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் அனுப்பியது. முழுக் குறிப்பும் வேண்டும் என்று எழுதிக் கேட்டதும் வந்தது.

2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முடிவுகளை அந்தந்த நிலையங்கள் பதிவேட்டில் ஏற்றுவதே இனி வழக்கமாகும். ஏதாவது ஒரு முடிவு அங்கே போக வேண்டாம் என்றால் பரிசோதனைக்கு எழுதித் தரும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ரத்தம் எடுக்கிற இடத்திலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.