கேட்கல டாக்டர்

அமாக்சிசிலின் 500, பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக், தினம் மூன்று வேளை, ஐந்து நாள். அந்தச் சீட்டை நான் எழுதியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை ராத்திரி, கிளினிக் மூடுகிற நேரம். வந்தவர் கட்டட வேலைக்காரர். கடைவாய்ப் பல்லில் நரம்பு வரை சொத்தை. வீக்கமில்லை, காய்ச்சலில்லை, சீழில்லை. இதற்கு வேர் சிகிச்சை, இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டும். ஆன்டிபயாடிக் இந்த வலியைத் தொடாது.

"காலைல காங்கிரீட் இருக்கு டாக்டர். மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க. போன தடவை மெடிக்கல்ல குடுத்தாங்க, உடனே கேட்டுச்சு."

கேட்டது அதோடு கொடுத்த வலி மாத்திரைதான் என்றேன். "அப்ப ரெண்டையும் எழுதிடுங்க" என்றார். எழுதினேன். நான் மறுத்தால் கடையில் வாங்கி அரைகுறையாகப் போடுவார், அதற்கு இது மேல் என்று தோன்றியது. ஒரு நாள் கூலியும் கண்முன் வந்தது.

வாயில் 700க்கும் மேற்பட்ட வகை பாக்டீரியாக்கள் உண்டு. பல்மேல் படிகிற படலத்துக்குள் நெருக்கியடித்து வாழ்ந்துகொண்டு, மருந்துக்குத் தப்பிக்கும் மரபணுவைக் கைமாற்றிக்கொள்கின்றன. வாயில் சாதுவாகக் கிடக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸிடமிருந்துதான் நிமோனியா கிருமி பெனிசிலினை எதிர்க்கும் மரபணுத் துண்டுகளைப் பெற்றது. இதெல்லாம் படித்தவன்தான் அந்தச் சீட்டை எழுதினேன்.

நான்கு மாதம் கழித்துத் தாடை வீங்கி வந்தார். "அதே மாத்திரைதான், மூணு நாளாப் போடுறேன். இந்தத் தடவை கேட்கல டாக்டர்." ஈறைக் கீறியதும் குப்பென்று வாடை, காற்றில்லாமல் வாழும் கிருமிகளின் வாடை. அவற்றில் ப்ரிவோடெல்லா போன்ற சில, பெனிசிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும். என் ஐந்து நாள் மருந்து மற்ற கிருமிகளைக் கொன்று அவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததா? சீழ் கட்டிவிட்டால் சாதாரணக் கிருமிக்கும் மாத்திரை கேட்காது, வடித்துவிட்டால்தான் கேட்கும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு நான் அனுப்பவில்லை. பல்லைப் பிடுங்கினேன், வீக்கம் வடிந்தது. நான் காரணமில்லை என்று சொல்லிக்கொள்ள இது போதும். ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

ஏனென்றால் இரண்டாம் முறை மாத்திரையை எதைக் காட்டி வாங்கினீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்தார். மடிப்பெல்லாம் சிமென்ட் படிந்து, என் கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது.

"அதை என்கிட்டயே குடுத்துடுங்க" என்றேன்.

"இருக்கட்டும் டாக்டர், வீட்ல அவளுக்கும் பல்லு வலிக்குது" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.