எடைமேடைக் கணினியும் புதிய விஎன்சியும்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளில், ஒரு கணினியின் திரையை வேறிடத்திலிருந்து பார்த்து இயக்க உதவும் விஎன்சி என்ற தொலைநிலை மென்பொருளைப் புதுப்பிப்பதென்றால், பெங்களூரா மாங்காய் வண்டிகள் வரிசைகட்டும் முன்பே முடித்துவிட வேண்டும். சீசன் தொடங்கிவிட்டால், வண்டிகளை எடைபோடும் எடைமேடையின் கணினியை ஐந்து நிமிடம்கூட நிறுத்த விடமாட்டார்கள். அது நியாயமும்கூட, வெயிலில் காத்துக் கிடப்பது விவசாயியின் ஓராண்டு விளைச்சல்.

நான் பராமரிக்கும் ஆலையில் கணக்குப் பிரிவில் விண்டோஸ் 10, 11; கோப்புகளைச் சேமிக்கும் கணினியில் உபுண்டு லினக்ஸ். எடைமேடையில் மட்டும் விண்டோஸ் 7. சீரியல் கேபிள் வழியாக எடையை வாங்கும் அங்குள்ள பழைய நிரல் புதிய விண்டோஸில் ஓடாததால், 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய பின்னும் அதுவே நீடிக்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்புகள் விண்டோஸின் சொந்தத் தொலைநிலை முறையான ஆர்டிபி இணைப்பை ஏற்பதில்லை என்பதால், எல்லாவற்றுக்கும் பொதுவாக விஎன்சி வைத்திருக்கிறோம்.

விஎன்சி இணைப்பு தொடங்கியதும், இயக்கப்படும் கணினியில் உள்ள சர்வர், விஎன்சியின் நெறிமுறையான ஆர்எஃப்பியில் தன் பதிப்பை 'ஆர்எஃப்பி 003.008' என்பதுபோல 12 பைட்டுகளில் அறிவிக்கும். நாம் பார்க்கும் கணினியில் உள்ள வியூவர் அதற்கு மேற்படாமல் தனக்குத் தெரிந்த பதிப்பைச் சொல்லும். 3.3 பதிப்பில் பாதுகாப்பு முறையை சர்வரே முடிவு செய்யும், 3.7 முதல் சர்வர் தரும் பட்டியலிலிருந்து வியூவர் தேர்ந்தெடுக்கும். பழையதும் புதியதும் பேசிக்கொள்வது இதனால்தான். ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. பழைய முறைக்கு இறங்கிவிட்டால் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளே கணக்கில் வரும். பிறகு திரையும் தட்டும் விசைகளும் மறையாக்கம் இல்லாமல், இடையில் பார்ப்பவர் படிக்கும்படியே போகும். திரை தெரிந்துவிட்டது என்று திருப்திப்படாமல், மறையாக்கம் உண்டா என்று ஒவ்வொரு கணினியிலும் பார்த்தாக வேண்டும். எடைமேடையில் அதற்கு வழியில்லாததால், விஎன்சி பயன்படுத்தும் அதன் 5900 போர்ட்டை உபுண்டு கணினிக்கு மட்டும் திறந்து, வெளியிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாகவே அங்கு செல்கிறேன். ரவுட்டரில் 5900-ஐத் திறக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்கவே கூடாது.

முதலில் வியூவர், பிறகு கணக்குப் பிரிவு, கடைசியில் எடைமேடை என்பதே என் வரிசை. சர்வரை மாற்றும்போது சேவை நின்று, நடுவழியில் இணைப்பு அறுந்துவிடும். புதிய பதிப்பு வேறு கோப்புறையில் நிறுவப்பட்டால், நிரலின் பாதையை வைத்து எழுதிய பழைய ஃபயர்வால் விதியும் அதற்குப் பொருந்தாது. ஆகவே எடைமேடைக் கணினியை மட்டும் நேரில் உட்கார்ந்தே மாற்றுகிறேன். முடிந்ததும் அதை மறுதொடக்கம் செய்து, யாரும் உள்நுழையாத நிலையிலேயே உபுண்டு வழியாக இணைப்பு கிடைக்கிறதா என்று சோதித்த பிறகே கிளம்புகிறேன்.