ஜரிகைக்கு ரப்பர் பேண்ட் வேண்டாம்

ஆரி எம்பிராய்டரி வேலைச் சாமான்களை எல்லாம் இன்று எடுத்து அடுக்கினேன். பாசிமணிக்குப் பெரிய பெட்டியெல்லாம் தேவையில்லை. மூடி இறுக்கமாக இருந்தால் மாத்திரை டப்பாவே போதும். எம்பிராய்டரி நூலை அட்டையில் சுற்றும்போது அதன் நிற எண்ணையும் எழுதிவிடுங்கள். டிஎம்சி கம்பெனி நூலில் 310 என்றால் எந்தக் கடையிலும் அதே கறுப்புதான். வெறும் இளம்பச்சை என்று கேட்டால் பத்து இளம்பச்சையை எடுத்துப் போடுவார்கள்!

கவனமெல்லாம் ஜரிகைக்குத்தான் வேண்டும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவே கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் ஜரிகையில் இருக்கும் வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைத்துவிடும். ஈரக்காற்றும் ஆகாது. ஸ்பிரிங் போலச் சுருண்ட உலோகக் கம்பியான ஜர்தோசிச் சுருளை நான் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைக்கிறேன்; புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அதுதான். பட்டு நூல் வெயில் படாமல் இருந்தால் சரி.

ஆரி ஊசிக்குத்தான் இன்னும் இடம் அமையவில்லை. அந்தக் கொக்கி முனை எதிலும் மாட்டிக்கொள்கிறது. நீங்கள் எதில் போட்டு வைக்கிறீர்கள்?